சாம்பல்தீவு மணலில் பாடும் சுவர்க்கோழிகள்: இனங்காணலும் வளர்ப்பும்

இந்தப் பூச்சிக்கு நம்மிடம் பெயர் இல்லாமல் இல்லை. பெயர்கள் கூடிப்போனதுதான் சிக்கல். சுவர்க்கோழி என்பார் ஒருவர், சிள்வண்டு என்பார் இன்னொருவர், பாச்சை என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். சிள்வண்டு என்ற சொல்லைப் பகலில் மரத்தில் ஒட்டிக்கொண்டு காது அடைக்க இரைகிற பூச்சிக்கும் சொல்கிறோம், இரவில் மண்ணில் இருந்து கீச்சிடுவதற்கும் சொல்கிறோம். பாச்சை என்றால் சில ஊர்களில் கரப்பானும் அதற்குள் அடக்கம். சங்கப் பாடல்களில் வருகிற சிள்வீடு, சிதடி என்பவையும் இவ்விரண்டில் எது என்று அகராதியைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. சிங்களத்தில் ரெஹெய்யா என்கிற பெயருக்கும் இதே கதிதான். அரபு மொழி கொஞ்சம் கவனமாக இருந்திருக்கிறது. ஜுத்ஜுத் என்று ஒரு சொல்லை இராப் பாடகனுக்கென்றே வைத்திருக்கிறது. ஹிஜ்ரி 808-ல் (கி.பி. 1405) மறைந்த எகிப்திய அறிஞர் கமாலுத்தீன் அத்தமீரி தமது ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் விலங்குகளை அகரவரிசையில் அடுக்கியபோது, ஒட்டகம், குதிரையோடு இந்தச் சிறு பூச்சிக்கும் தனி இடம் கொடுத்தார்.

பெயர்க் குழப்பம் அகராதிக்காரர்களுக்கு மட்டும் உரிய தலைவலி என்றால் நான் இதை எழுதவேண்டியதில்லை. சாம்பல்தீவில் அது கிணற்று நீரோடு தொடர்புபட்ட விஷயம்.

திருகோணமலை நகரில் இருந்து நிலாவெளி, புல்மோட்டை நோக்கி வடக்கே போகிற வீதியில் சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. ஆழமில்லாத கிணறு வெட்டி அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம். மேலே எதை ஊற்றினாலும் களிமண் தடுத்து வைக்கும் என்ற பேச்சு இங்கே கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் வெங்காயம் வைத்திருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்று வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. கையில் ஒரு போத்தல், அதற்குள் கறுத்தச் சுவர்க்கோழி இரண்டு.

“சேர், இந்தப் பாச்சைதான் அறுக்குது. குருணை மருந்து போட்டாத்தான் சரிவரும் எண்டு கடையில சொல்லுறாங்க.”

“கொஞ்சம் பொறுங்க அண்ணன். எது அறுக்குதெண்டு முதல்ல பாப்பம்.”

பாத்தியில் ஈர மண் நெடுக விரல் தடிப்பில் மேடு ஓடியிருந்தது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே சுரங்கம். அதைப் பிரித்துக்கொண்டு போனால் அகப்பட்டது பிள்ளைப்பூச்சி. முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி போல அகன்று, உடம்பில் பட்டு மாதிரி மென்மயிர் படர்ந்து இருந்தது. வேரையும் தண்டின் அடியையும் கடித்தது அதுதான். போத்தலில் இருந்தவை வரம்பில் குப்பைக்குள் கிடந்து பிடிபட்டவை. பிள்ளைப்பூச்சிக்கு நல்ல வைத்தியம், பாத்தியில் தண்ணீரைக் கட்டி அது மேலே வரும்போது பொறுக்குவது. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் செய்தால் இன்னும் சுலபம். மருந்து போடாமலே அந்தப் போகம் முடிந்தது. சுவர்க்கோழிகளும் முழு நிரபராதிகள் அல்ல, இளநாற்றைக் கடிப்பதுண்டு. ஆனால் களை விதையையும் செத்த பூச்சியையும் தின்பதும் அவைதான். யார் செய்த வேலை என்று தெரியாமல் எல்லாருக்கும் சேர்த்து நஞ்சு போடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

ஆகவே முதலில் குடும்பத்தைப் பிரித்துக்கொள்வோம். பகலில் மரத்தில் இரைவது சிக்காடா. அதற்கு உறிஞ்சும் வாய், குட்டை உணர்கொம்பு. ஒலி வருவது வயிற்றோரத்து மேளச் சவ்வில் இருந்து. பச்சை நிறத்தில், இலை போன்ற செட்டையோடு விளக்கடிக்கு வருவது இலைவெட்டுக்கிளி. அதற்கும் நீண்ட உணர்கொம்பு உண்டு, ஆனால் பாதத்தில் நான்கு கணு. சுவர்க்கோழிக்கு மூன்றே கணு; தட்டையான முதுகு, உருண்டைத் தலை, பின்னால் இரண்டு வால் நீட்டம். பெண்ணாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் ஊசி நீண்டிருக்கும். அது குத்துவதற்கல்ல, மண்ணில் முட்டை இறக்குவதற்கு. ஊசியைக் கண்டு பயந்து பிள்ளைகள் பெண் பூச்சியை விட்டுவிட்டு ஆணையே பிடித்து வருவார்கள்.

பாடுவது ஆண் மட்டும். தொண்டையால் அல்ல, செட்டையால். வலது முன்செட்டையின் அடியில் அரம் போன்ற பல்வரிசை ஒன்று ஓடுகிறது. இடது செட்டையின் விளிம்பு அதில் உரசுகிறது. செட்டையில் வீணை போன்று கண்ணாடித் தகடாக இருக்கும் பகுதி அந்த அதிர்வைப் பெருக்கி வெளியே விடுகிறது. இலைவெட்டுக்கிளி இதையே இடது மேலும் வலது கீழுமாகச் செய்யும். காது இருக்குமிடம் முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழே. கண்ணாடிப் போத்தலில் விட்டுக் கீழிருந்து பார்த்தால் சிறிய வெண் சவ்வாகத் தெரியும்.

இனி, இந்த மணலில் நான் பிடித்து வளர்த்தவை.

எல்லாரும் முதலில் காண்பது கிரில்லஸ் பைமாகுலேட்டஸ். பளபளத்த கறுப்பு, ஏறக்குறைய மூன்று சென்றிமீற்றர், முன்செட்டைகள் தொடங்குமிடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் பொட்டு. பைமாகுலேட்டஸ் என்ற சொல்லுக்கே இரு புள்ளி என்றுதான் பொருள். சுவீடன் நாட்டு டி கீர் 1773-ல் இதற்குப் பெயர் வைத்தார். ஆபிரிக்கா, மத்தியதரைக் கடற்கரை, அரபு நாடுகள், இந்தியா, இலங்கை எங்கும் உண்டு. கல்லுக்கடியிலும், ஓலைக் குவியலிலும், கட்டிட வேலைக்குப் பறித்த மணல் மேட்டிலும் கிடக்கும். பாட்டு உரத்தது. ஒவ்வொரு கீச்சும் சில துடிப்புகள் சேர்ந்த ஒரு கொத்து. கொத்துக்கும் கொத்துக்கும் இடையில் தெளிவான இடைவெளி. சுருதி ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸ்.

அதே அளவில், ஆனால் கபில நிறத்தில், கண்ணுக்கு மேலே புருவம் தீட்டியது போல வெளிர்க் கோடு ஓடுகிறதென்றால் அது தெலியோகிரில்லஸ் பேரினம். புல்லும் ஈரமும் உள்ள களப்புப் பக்கம் அதிகம். வீட்டுக்குள், குசினி அலுமாரிக்குப் பின்னாலும் குளியலறை மூலையிலும் இருப்பது கிரில்லோட்ஸ் சிஜிலேட்டஸ். வைக்கோல் நிறத்தில், உடம்பில் கறுத்தப் பட்டை. ஆணுக்குச் செட்டை பாதி வயிற்றளவே, பெண்ணுக்குச் செட்டை இல்லாதது போலவே இருக்கும். பலர் இதைக் குஞ்சு என்றே நினைக்கிறார்கள். இதன் பாட்டு மெல்லியது, சுருதி மேலே போகும். அறுபதைத் தாண்டிய என் காதுக்கு அடுத்த அறையில் இருந்து அது கேட்பதில்லை. பேரன்தான் “வாப்பப்பா, கத்துது” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று லொக்ஸோபிளெம்மஸ். ஆணின் முகம் தட்டையாகச் சீவிவிட்டது போல் சாய்ந்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. உள்ளவற்றில் கடினமானவை மொடிகோகிரில்லஸ் வகையைச் சேர்ந்த சிறு கபிலப் பூச்சிகள். ஒன்றரை சென்றிமீற்றர்கூட வராது, ஒன்றுக்கொன்று அச்சு ஒற்றியது போல் இருக்கும்.

கண் தோற்கிற இந்த இடத்தில்தான் காது வேலைக்கு வருகிறது. இதற்கு அமெரிக்காவில் நல்ல ஒரு கதை இருக்கிறது. ரேன், ஹெபார்ட் என்ற இரு பெரிய நிபுணர்கள் 1915-ல் அருங்காட்சியக மாதிரிகளை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்து, இந்தப் பேரினத்தின் அமெரிக்க வயல் சுவர்க்கோழிகள் யாவும் ஒரே இனம்தான் என்று முடிவு கட்டினார்கள். செத்த பூச்சிகளை அளந்தால் அப்படித்தான் வரும். வட கரோலினாவில் ஃபுல்டன் என்பவர் உயிரோடு பிடித்து வளர்த்தார். கடற்கரை மணலில் ஒன்று, காட்டில் ஒன்று, மலையில் ஒன்று, இடைவிடாமல் நீட்டிப் பாடுவது ஒன்று என நான்கு வகை. ஒன்றோடொன்று இணையவிட்டுப் பார்த்தார். நான்கும் தனித்தனி இனங்களாகவே நடந்துகொள்வதை 1952-ல் எழுதினார். 1957-ல் ரிச்சர்ட் அலெக்சாண்டர் பாட்டு, வாழிடம், பருவம் மூன்றையும் சேர்த்து அவற்றைப் பிரித்து வகைப்படுத்தினார். அந்த வேலை தொடர்ந்து 2019-ல் வைஸ்மன், கிரே இருவரும் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் கிரில்லஸ் பேரினத்தில் 35 இனங்கள் இருப்பதாக வந்தது. அவற்றில் 17 புதியவை. ஒன்று என்று மூடிய கோப்பில் இருந்து முப்பத்தைந்து!

நமக்குக் கிட்ட, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் இந்த வழியில் நிறையச் செய்திருக்கிறார்கள். 2013-ல் ரஞ்சனா ஜைஸ்வரா, திப்தருப் நந்தி ஆகியோரோடு அவர் வெளியிட்ட கட்டுரை, வயல் சுவர்க்கோழிகளின் அழைப்புப் பாட்டை அளந்து புள்ளியியல் முறையில் இனம் பிரிக்க முடியுமா என்பதைச் சோதித்தது. எந்தப் பாட்டு எந்த இனத்தினது என்று முன்கூட்டியே தெரிந்த தொகுப்பு கையில் இருந்தால் மிக நன்றாகப் பிரிக்கலாம். அப்படி எதுவும் தெரியாமல் தானாகக் குழு பிரிக்கவிட்டால் ஆறேழு இனம் வரைக்கும் சரி, பத்தைத் தாண்டினால் பிழைகள் ஏறும் என்பது அதன் முடிவு. சாம்பல்தீவுக்கு இதில் பாடம் உண்டு. ஒரு சிறிய ஊரின் மணலில் பாடுகிற இனங்கள் அந்த அளவுக்குள் அடங்கக்கூடியவை. பெயர் சரியாகத் தெரிந்த ஒரு ஒலித்தொகுப்பை நாமே உண்டாக்கிக்கொண்டால், பிறகு கைபேசி போதும்.

பதிவு செய்யும்போது ஒன்றை விடக்கூடாது: வெப்பநிலை. சூடு ஏற ஏறப் பாட்டு வேகமாகும். அமெரிக்கப் பௌதிகவியலாளர் டொல்பேர் 1897-ல் சுவர்க்கோழியை வெப்பமானி என்றே அழைத்து ஒரு சூத்திரம் தந்தார். அவர் எண்ணியது மரச் சுவர்க்கோழியை என்று பிற்காலத்தவர் கருதுகிறார்கள். மார்கழி மழை நாளில் எடுத்த பதிவையும் ஆடி வெக்கையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பூச்சி இரண்டு இனமாகத் தெரியும். ஆகவே பெட்டிக்குள் சிறு வெப்பமானி ஒன்றை வைத்து அளவை எழுதிக்கொள்ள வேண்டும். சுருதியும், ஒரு கீச்சுக்குள் எத்தனை துடிப்பு என்பதும் வேகத்தைப் போல அவ்வளவு அலைவதில்லை. அடையாளத்துக்கு அவையே உறுதியானவை. கைபேசியை அரை மீற்றர் தூரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வைக்கவும். இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நல்ல நேரம். விடுதிகளின் பாட்டுப் பெட்டி ஓய்கிறவரை காத்திருக்க வேண்டிய இரவுகளும் உண்டு.

ஆண் பாடட்டும். பெண் பிடிபட்டால்? குஞ்சு பிடிபட்டால்? குஞ்சுக்குச் செட்டையே இல்லை, வெறும் மொட்டுத்தான். நிறமும் மாறிக்கொண்டே இருக்கும். வளர்த்து ஆளாக்கினால் ஒழிய அடையாளம் சொல்ல வழியில்லை. பெண்ணிடம் முட்டை எடுத்தால் அதன் ஆண் பிள்ளைகள் பாடித் தாயின் பெயரைச் சொல்லும். இனங்காணலும் வளர்ப்பும் ஒரே வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

வளர்ப்பதற்குச் செலவு குறைவு. இரண்டடி நீளப் பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் சதுரமாக வெட்டி இரும்பு வலை. நுளம்பு வலை போட்டால் ஒரே இரவில் கடித்து ஓட்டை போட்டுவிடும். உள்ளே கடதாசி முட்டைத்தட்டுகளை நிறுத்தி வைக்கவும். அதுதான் வீடு, ஒளிவிடம், சண்டை தவிர்க்கும் சுவர் எல்லாம். தீனுக்குக் கோழிக்குஞ்சுத் தீன். கூடவே ஒரு துண்டு பூசணி அல்லது கரட், கொஞ்சம் கீரை. சந்தையில் வாங்கிய கீரையில் மருந்து இருந்தால் பெட்டி முழுவதும் விடியுமுன் மல்லாந்து கிடக்கும். வளவில் முளைத்ததைக் கொடுப்பதே நல்லது. புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னும், தோல் கழற்றிய மென்மையான வேளையில் பலியாவதுதான் அதிகம். தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிப் போகும். சிரட்டையில் நனைத்த பஞ்சு போதும், இரண்டு நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். பெட்டி காய்ந்திருக்கவேண்டும், பஞ்சும் முட்டை மண்ணும் மட்டும் ஈரம். மணம் எடுத்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

முட்டைக்கு ஒரு தயிர்ச் சட்டியில் மூன்று நான்கு சென்றிமீற்றர் உயரத்துக்கு ஈர மணலோ, கழுவிப் பிழிந்த தும்புத்தூளோ. பெண் ஊசியை இறக்கி ஒவ்வொன்றாக வைக்கும். அரிசிக் குருணை போல் வெண்மையாக, மூன்று மில்லிமீற்றருக்குள் இருக்கும். கறுத்த இரு புள்ளிச் சுவர்க்கோழி ஒன்று வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடும். மூன்று நாளில் சட்டியை எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்து, காயாமல் தெளித்து வந்தால், நம் ஊர்ச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் எறும்பளவுக் குஞ்சுகள் மணலில் இருந்து பொங்கி வரும். இந்த இனத்துக்கு உறக்கப் பருவம் கிடையாது. 30 பாகை செல்சியஸ் அளவில் ஏழெட்டு முறை தோல் கழற்றி, ஏறத்தாழ ஆறேழு வாரத்தில் பாடத் தொடங்கிவிடும். மற்ற இனங்களுக்கும் இதே நாட்கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்துத்தான் அறியவேண்டும்.

எதிரிகளில் முதலாவது எறும்பு. மேசைக்கால் நான்கையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்துவது எங்கள் உம்மாமார் சீனிப் போத்தலுக்குச் செய்த அதே உபாயம்தான். அடுத்தது பல்லி. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது, வைரசு. ஐரோப்பாவில் 2002 முதலும், வட அமெரிக்காவில் 2009, 2010 ஆண்டுகளிலும் டென்சோ வைரசு என்ற ஒன்று பரவி, வணிகப் பண்ணைகளில் வளர்த்த அகீட்டா டொமெஸ்டிகஸ் என்னும் வீட்டுச் சுவர்க்கோழியைக் கோடிக்கணக்கில் அழித்தது. பறவைத் தீனுக்கென்று வெளியில் இருந்து வாங்குகிற பூச்சிகளை நம் வளவில் பிடித்தவற்றோடு ஒரே பெட்டியில் போடவேண்டாம் என்பதற்கும், வளர்த்து மிஞ்சியவற்றை வெளியில் அவிழ்த்துவிட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். எங்கே பிடித்ததோ அங்கே, பிடித்த பூச்சியை மட்டும் விடலாம். வெளியூர்ப் பூச்சியை ஒருபோதும் கூடாது.

வளர்க்கிறேன் என்றால் உடனே வருகிற கேள்வி, “இத தின்னலாமா?” என்பது. தாய்லாந்தில் கோன் கேன் பல்கலைக்கழகம் 1998-ல் வளர்ப்பு முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 2013-ல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு வெளியிட்ட அறிக்கை அங்கே சுமார் 20,000 பண்ணைகள் ஆண்டுக்கு 7,500 தொன் அளவில் உற்பத்தி செய்வதாகச் சொன்னது. மார்க்க ரீதியில், ஷாபிஈ மத்ஹபு நூல்கள் வெட்டுக்கிளியை அனுமதித்து ஏனைய ஊர்வன பூச்சிகளைப் பொதுவாக விலக்குகின்றன. இந்தோனேசிய உலமா சபை 2000-ஆம் ஆண்டு வழங்கிய ஃபத்வாவில், சுவர்க்கோழியை வெட்டுக்கிளியோடு ஒப்பிட்டு, தீங்கு இல்லையாயின் வளர்ப்பதும் உண்பதும் ஆகும் என்றது. எது நமக்குப் பொருந்தும் என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்க. என் பெட்டிகள் பாட்டுக்கு மட்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? திருகோணமலையின் பூச்சிகளை ஒழுங்காகச் சேகரித்தவர்களில் முதல்வரிசையில் வருபவர் யெர்பரி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1890-களின் தொடக்கத்தில் இங்கே அவர் பிடித்த குளவிகளும் ஈக்களும் லண்டனுக்குப் போய்ப் பல இனங்களுக்கு மூல மாதிரிகளாயின. இலங்கைச் சுவர்க்கோழிகளுக்கு இன்றும் புரட்டவேண்டிய ஆதாரம் பிரெஞ்சு அறிஞர் லூசியன் சொப்பார் 1936-ல் எழுதியது. 1969-ல் வந்த அவருடைய இந்திய விலங்கியல் தொகுதியும் துணைக்கு உண்டு. இரண்டும் உலர்ந்த மாதிரிகளை வைத்து எழுதப்பட்டவை. பாட்டு அவற்றில் இல்லை. பிறகு முப்பது ஆண்டு யுத்தம். இரவில் டோர்ச் அடித்துக்கொண்டு களப்போரம் நடந்தால் பூச்சி பிடிக்கிறேன் என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? இப்போது நடக்கலாம், ஆனால் மணல் மேடுகள் ஒவ்வொன்றாக மதிலுக்குள் போகின்றன.

எனவே பிடிக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுக் கடதாசி: இடம், திகதி, நேரம், வெப்பநிலை, எதற்கடியில் கிடந்தது, பதிவின் இலக்கம். பாடிய அதே ஆண் வயதாகி இறந்ததும் 80 வீத அற்ககோலில் இட்டு, அந்தத் துண்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடவும். மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். இறுதித் தீர்ப்பு ஆணின் இனவுறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் வரும், அதை நிபுணரிடம் விட்டுவிடலாம். சரணாலய எல்லைக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கக்கூடாது. சொந்த வளவும் நண்பரின் தோட்டமும் போதுமான அளவு பெரியவை. வாடைக் காற்று தொடங்கி முதல் மழை மணலில் இறங்கிய பிறகு, இரண்டு மூன்று இரவு விட்டுப் பழைய ஓலையைப் புரட்டினால் சிறு கபிலப் பூச்சிகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் போத்தலில் வையுங்கள், சேர்த்து வைத்தால் எது பாடியதென்று தெரியாது.